புல்லே முதல்: மான்டானா மேய்ச்சல் பண்ணைகள் காட்டும் வழி

நெசவாளியிடம் முதல் எது என்று கேட்டால் தறியும் நூலும் என்று விடை வரும். பயிரிடுவோரைக் கேட்டால் நிலம் என்பர். மாடு வளர்த்து விற்று வாழும் குடும்பத்தாரைக் கேட்டால் மாடுதான் முதல் என்று கூறுவதே இயல்பு. ஆயினும், அத்தொழிலில் மூன்று நான்கு தலைமுறையாக நிலைத்து நிற்கும் குடும்பங்களின் அனுபவம் வேறு விடையைத் தருகிறது. புல்லே முதல், ஆண்டுதோறும் பிறக்கும் கன்று அம்முதலுக்குக் கிடைக்கும் வட்டி. வட்டியை உண்டு வாழலாம். முதலில் கை வைத்தால் குடி கெடும்.

இக்கட்டுரையில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடபகுதியில் உள்ள மான்டானா மாநிலத்தின் கிழக்குப் புல்வெளிகளை எடுத்துக்கொண்டு, அங்குள்ள குடும்பப் பண்ணைகளில் இறைச்சி மாடுகள் வளர்க்கப்படும் முறையை விளக்க முற்படுகிறோம். நம் அங்கத்தினருள் மாட்டிறைச்சி உண்போரும் உளர், உண்ணாதோரும் உளர். அஃது அவரவர் மனத்தையும் வழக்கத்தையும் பொறுத்தது. மழை குறைந்த நிலத்தில், பெருமுதல் இல்லாத குடும்பங்கள், நிலத்தைக் கெடுக்காமல் ஒரு தொழிலை எங்ஙனம் நடத்துகின்றன என்பதும், அதற்குக் கூட்டுறவு எவ்வாறு துணை நின்றது என்பதுமே இங்கு நம் கவனத்திற்குரியவை.

நிலமும் மழையும்

டங் ஆறு யெல்லோஸ்டோன் ஆற்றில் கலக்கும் இடத்தில் மைல்ஸ் சிட்டி என்னும் ஊர் இருக்கிறது. கிழக்கு மான்டானாவின் கால்நடைத் தொழிலுக்கு அது நடுவிடம். சுற்றிலும் மேடும் பள்ளமுமாகப் புல்வெளிகள் விரிந்து கிடக்கின்றன. உறைபனியையும் சேர்த்து, ஆண்டு முழுவதும் விழும் மழை சுமார் 13 அங்குலமே. குளிர்காலத்தில் தண்ணீர் உறைவதோடு நில்லாமல், வெப்பம் சுழியத்திற்குக் கீழ் 30 பாகைக்கும் இறங்குவதுண்டு. கோடையிலோ 35 பாகையைத் தாண்டிச் சுடும்.

இத்தகைய நிலத்தில் பெரும்பகுதி ஏருக்கு ஏற்றதன்று. எனினும் அங்கே இயற்கையாகவே நல்ல புற்கள் வளர்கின்றன. வெஸ்டர்ன் வீட்கிராஸ் என்னும் புல் வசந்தத்தின் குளிரிலேயே தழைத்து எழும். புளூ கிராமா என்னும் குட்டைப் புல் கோடை வெப்பத்தில் வளரும். இவை நின்றபடியே காய்ந்தாலும் சத்து முழுவதையும் இழப்பதில்லை. ஆகவே குளிர்காலத்திலும் பனியைக் கிளறி மாடுகள் மேய முடிகிறது. மனிதன் உண்ண முடியாத இப்புல்லை, நான்கு அறைகள் கொண்ட தன் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்களின் உதவியால் மாடு செரித்து உடலாக்கிக் கொள்கிறது. இவ்வியல்பே இத்தொழிலுக்கு அடிப்படை.

முதலை உண்ட காலம்

இந்நிலத்தில் முன்னர்க் கூட்டங்கூட்டமாக மேய்ந்தவை பைசன் என்னும் காட்டெருதுகள். ஷையன், குரோ முதலிய பழங்குடி மக்கள் அவற்றைச் சார்ந்தே வாழ்ந்தனர். 1883ஆம் ஆண்டுக்குள் வேட்டையாளர் அவ்விலங்குகளை ஏறக்குறைய முற்றிலும் கொன்றொழித்தனர். பழங்குடியினரும் ஒதுக்கிடங்களுக்குள் அடைக்கப்பட்டனர். காலியான புல்வெளிக்குத் தெற்கே டெக்ஸாஸிலிருந்து பெருமந்தைகள் ஓட்டிவரப்பட்டன.

அன்று வேலி இல்லை, நிலம் அரசாங்கத்தினுடையது, வரம்பு கட்டுவார் எவருமில்லை. தன் மாடு தின்னாது விட்ட புல்லை அயலான் மாடு தின்றுவிடும் என்ற எண்ணத்தால் ஒவ்வொருவரும் மந்தையைப் பெருக்கிக்கொண்டே சென்றனர். 1886ஆம் ஆண்டுக் கோடையில் மழை பொய்த்தது. புல் முன்னமே தேய்ந்திருந்தது. அதனைத் தொடர்ந்து வந்த குளிர்காலம் மிகக் கொடியதாயிற்று. உறைபனி இறுகி நிலத்தை மூட, மெலிந்து கிடந்த மாடுகள் மேய வழியின்றிப் பெருந்தொகையாக மடிந்தன. 1887 வசந்தத்தில் பனி உருகியபோது பள்ளத்தாக்குகளில் பிணங்களே கிடந்தன. குளிர்காலத்திற்கு உலர்புல் சேர்த்து வைத்தல், வேலியிட்டு மந்தையை அளவோடு காத்தல் ஆகிய வழக்கங்கள் இந்த அழிவிற்குப் பின்னரே வேரூன்றின.

இரண்டாவது அழிவு ஏரினால் வந்தது. குடியேறுவோருக்கு இலவச நிலம் வழங்கும் சட்டம் 1862இல் 160 ஏக்கர் தந்தது. வறண்ட பகுதிக்கு அது போதாதென்று 1909இல் 320 ஏக்கராகவும், கால்நடைப் பண்ணைக்கென 1916இல் 640 ஏக்கராகவும் உயர்த்தினர். தொடக்கத்தில் மழை நன்கு பெய்தது. உலகப் போரினால் கோதுமை விலையும் ஏறி நின்றது. புல்வெளிகள் உழப்பட்டன. 1917 முதல் வறட்சி தொடர்ந்தது. போர் முடிந்தபின் விலையும் விழுந்தது. கடன்பட்ட குடும்பங்கள் வீட்டையும் நிலத்தையும் அப்படியே விட்டு வெளியேறின. வரி செலுத்தாத நிலங்கள் மாவட்ட நிர்வாகத்தின் கைக்கு வந்தன. மேல்மண் காற்றில் பறந்தது.

640 ஏக்கர் என்பது நமக்குப் பெருநிலமாகத் தோன்றும். அந்நாட்டில் அது ஒரு குடும்பத்திற்கு ஏன் போதவில்லை என்பதை அறிய, புல் வளரும் விதத்தையும் அதன் கணக்கையும் அறிதல் வேண்டும்.

பாதி எடு, பாதி விடு

இலையே புல்லின் அடுக்களை. சூரிய ஒளியைக் கொண்டு உணவு சமைப்பது அது. சமைத்ததில் ஒரு பங்கு வேருக்குச் செல்கிறது. இலையை அளவுக்கு மிஞ்சிக் கடித்துவிட்டால் வேருக்கு உணவு நின்றுவிடும். மேலே பசுமையாகத் தோன்றும் புல், கீழே வேர் குறுகி நலிந்திருக்கும். அடுத்த வறட்சியில் ஆழத்து ஈரத்தை எட்ட அதனால் இயலாது.

இதனை அளந்து காட்டியவர் கிரைடர் என்னும் அறிஞர். அவர் ஆய்வை அமெரிக்க வேளாண்மைத் துறை 1955இல் வெளியிட்டது. இலையில் பத்தில் நான்கு பங்கு வரை வெட்டப்பட்டபோது வேர் வளர்ச்சி தடைபடவில்லை. பாதியை வெட்டியபோது தடை மிகச் சிறிதாகவே இருந்தது. பாதிக்கு மேல் செல்லச் செல்லத் தடை வெகு விரைவில் ஏறியது. பத்தில் எட்டுப் பங்கை வெட்டியபோது வேர்கள் அனைத்துமே பன்னிரண்டு நாள் வளராமல் நின்றன. பாதி வரை எடுத்தால் தீங்கு சிறிது, அதற்கு மேல் எடுத்தால் தீங்கு பெரிது என்பதே இதன் சாரம். மேய்ச்சல் பண்ணையாளரிடையே வழங்கும் ‘பாதி எடு, பாதி விடு’ என்னும் விதிக்கு இவ்வாய்வு பெரும் வலுவூட்டியது.

விட்ட பாதி வீணாவதன்று. அது மண்ணுக்கு நிழலாகிறது. மழைத்துளியின் வேகத்தைத் தணிக்கிறது. ஓடிவிடும் நீரை நிறுத்தி மண்ணுக்குள் இறக்குகிறது. குளிர்காலத்தில் பறந்துசெல்லும் பனியைப் பிடித்து வைக்கிறது. பின்னர் மக்கி எருவாகிறது. 13 அங்குல மழையில் எத்தனை அங்குலம் மண்ணுக்குள் செல்கிறது என்பதை வானம் மட்டும் தீர்மானிப்பதில்லை. நிலத்தின் மேல் எவ்வளவு புல் நிற்கிறது என்பதும் தீர்மானிக்கிறது.

மந்தையின் அளவு

இனிக் கணக்கைப் பார்ப்போம். ஓர் ஏக்கரில் ஓராண்டில் காய்ந்த எடையில் 450 கிலோ புல் வளர்வதாக எடுத்துக்கொள்வோம். அப்பகுதிக்கு இது பொருந்தும் அளவே. அதில் பாதியாகிய 225 கிலோ நிலத்திற்கென விடப்படுகிறது. எஞ்சிய பாதி முழுவதும் மாட்டின் வாய்க்குச் செல்வதில்லை. மிதிபடுவதும், சாணத்தால் கெடுவதும், வெட்டுக்கிளியும் மானும் தின்பதுமாக அதில் பாதி கழியும். ஆக, ஏக்கருக்கு 112 கிலோவே மாட்டுக்குக் கிடைப்பது.

கன்றோடு கூடிய ஒரு பசு நாளொன்றுக்குச் சுமார் 12 கிலோ, மாதத்திற்கு 360 கிலோ உண்ணும். எனவே ஒரு பசுவின் ஒரு மாத மேய்ச்சலுக்கு மூன்று ஏக்கருக்குச் சற்று மேல் தேவை. நான்கு மாதம் உலர்புல் இட்டு, எட்டு மாதம் மேய்த்தால் 26 ஏக்கர் வேண்டும். 640 ஏக்கரில் 25 பசுக்களுக்கு மேல் நிற்க வழியில்லை. அத்தனை சிறு மந்தையில் ஒரு குடும்பம் பிழைப்பது அரிது. சட்டம் இயற்றியோர் நிலத்தை ஏக்கரால் அளந்தனர். மழையால் அளக்கத் தவறினர்.

எத்தனை மாடு வைப்பது என்னும் முடிவே பண்ணையின் முடிவுகள் எல்லாவற்றிலும் தலையாயது. இதில் பிழை நேர்ந்தால், பின்னர் எத்துணைத் திறமையாக வேலியிட்டாலும் சுழற்றி மேய்த்தாலும் அதனை ஈடுசெய்ய முடியாது.

மேய்ச்சலும் ஓய்வும்

அளவு சரியாக இருப்பினும், மாட்டை அதன் விருப்பத்திற்கு விட்டால் தண்ணீருக்கு அருகிலேயே நின்று, சுவையான புல்லையே மீண்டும் மீண்டும் கடிக்கும். ஓடைக்கரை மொட்டையாகும், தொலைவில் உள்ள மேட்டில் புல் தொடப்படாமல் முதிர்ந்து கிடக்கும். இதைத் தடுக்க நிலத்தை வேலியால் பல பகுதிகளாகப் பிரிக்கின்றனர். மந்தை ஒரு பகுதியில் சில நாட்களோ சில வாரங்களோ மேய்ந்தபின் அடுத்ததற்கு மாற்றப்படுகிறது. மேய்ந்த பகுதி ஓய்வு பெறுகிறது. ஒரு பகுதியை ஆண்டுதோறும் ஒரே பருவத்தில் மேய்ப்பதும் தவிர்க்கப்படுகிறது. இவ்வாண்டு வசந்தத்தில் மேய்ந்த இடத்தில் அடுத்த ஆண்டு புல் விதை முற்றிய பிறகே மந்தை விடப்படும். சில பண்ணைகளில் ஒரு பகுதியை ஆண்டு முழுவதுமே ஓய்வாக விடுவதுண்டு.

ஓய்வின் கால அளவை நாட்காட்டி கூறாது, புல்லே கூறும். நல்ல மழையில் ஒரு மாதத்தில் தேறும் புல், வறண்ட கோடையில் அவ்வாண்டே தேறாமலும் போகலாம். ஆகவே பண்ணையார் நாள்தோறும் மாட்டைப் பார்ப்பதற்கு நிகராகப் புல்லையும் குனிந்து பார்க்கக் கடமைப்பட்டவர்.

தண்ணீரும் உப்பும் மந்தையை நடத்தும் இரு கருவிகள். மேட்டில் ஒரு தொட்டி அமைத்து, காற்றாலையாலோ இக்காலச் சூரிய மின் இறைப்பியாலோ நீரேற்றினால் அதுவரை மேயாத புல்லும் பயன்படும். உப்புக் கட்டியைத் தண்ணீரினின்று தொலைவில் வைத்தால் மாடுகள் அதனை நாடிச் சென்று பரவி மேயும். செலவு சிறிது, பயன் பெரிது.

பண்ணையின் ஓராண்டு

பசுவின் சினைக்காலம் ஒன்பது மாதமும் சில நாட்களும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை கன்று ஈனச் செய்வது பழைய வழக்கம். அப்போது உறைபனி நீங்கியிராது. குடும்பத்தார் இரவெல்லாம் முறைவைத்து விழித்திருந்து, பிறந்த கன்று குளிரில் விறைத்துப் போகாமல் காக்க வேண்டியிருக்கும். அண்மைக் காலத்தில் சிலர் பொலிகாளையைத் தாமதமாக விட்டு, மே மாதத்தில் கன்று ஈனும்படி மாற்றியுள்ளனர். பால் மிகுதியாகச் சுரக்கும் காலமும் பசும்புல் தழைக்கும் காலமும் அப்போது ஒன்றுகூடுகின்றன. உலர்புல் செலவு குறைகிறது. இலையுதிர் காலத்தில் விற்கும்போது கன்றின் எடை குறைவாக இருக்கும் என்பதே இதிலுள்ள நட்டம். செலவுக் குறைவு எடைக் குறைவை மிஞ்சுகிறதா என்பதை ஒவ்வொரு பண்ணையும் தன் கணக்கில் பார்த்தே முடிவு செய்கிறது.

கன்றுகளுக்குத் தடுப்பூசி போட்டு, காளைக்கன்றுகளைக் காயடித்து, உடைமைக் குறியாகச் சூடு இடும் நாள் மே, ஜூன் மாதங்களில் வரும். அன்று அக்கம்பக்கத்துப் பண்ணையார் அனைவரும் குடும்பத்தோடு வந்து உதவுவர். கூலி கிடையாது, இன்று இவர் பண்ணை, நாளை அவர் பண்ணை. நம் நாட்டுக் குடியானவர் நடவிலும் அறுப்பிலும் கைமாற்றாக வேலை செய்வதை இது ஒத்தது.

ஏறக்குறைய 25 பசுக்களுக்கு ஒரு பொலிகாளை விடப்படுகிறது. கோடையில் ஆற்றோரத்துப் பாசன நிலங்களில் குதிரைமசாலும் புல்லும் அறுத்து உலர்த்திக் குளிர்காலத்திற்குச் சேர்ப்பர். அக்டோபர் வாக்கில் கன்றுகளைப் பால்குடி மறக்கச் செய்து தாயினின்று பிரிப்பர். அப்போது அவற்றின் எடை 225 முதல் 270 கிலோ வரை இருக்கும். பசுக்களுக்குச் சினைப் பரிசோதனை நடக்கும், சினைப்படாதவை விற்கப்படும். குளிர்காலம் முழுவதும் தீவனமிட்டும் கன்று தராத பசுவைத் தாங்கும் ஆற்றல் அந்நிலத்திற்கு இல்லை.

நூறு பசு உள்ள பண்ணையில் 90 கன்றுகள் தேறினால் அது நல்ல ஆண்டு. அவற்றில் 15 கிடேரிகளைக் கிழப்பசுக்களுக்கு ஈடாக நிறுத்திக்கொண்டால் விற்பனைக்கு எஞ்சுவன 75. ஆண்டுக்கு ஒருமுறையே பணம் கைக்கு வரும். வாராவாரம் கூலி பெறும் நெசவாளர் இந்நிலையின் கடுமையை எண்ணிப் பார்க்கலாம். கன்றுகளில் பெரும்பாலானவை நெப்ராஸ்கா, கான்ஸஸ் முதலிய மாநிலங்களின் தீவனப் பட்டிகளுக்குச் சென்று, மக்காச்சோளம் தின்று கொழுத்தபின் இறைச்சிக்கு அனுப்பப்படுகின்றன. சில குடும்பங்கள் இறுதிவரை புல்லிலேயே வளர்க்கின்றன; அதற்குக் காலம் கூடுதலாகும்.

வறட்சியில் எடுக்கும் முடிவு

மைல்ஸ் சிட்டிக்கு அருகே கியோ கோட்டை என்னும் பழைய படைவீடு இருந்த இடத்தில் 1924 முதல் அரசாங்கக் கால்நடை ஆராய்ச்சி நிலையம் நடந்து வருகிறது. ஆண்டின் புல்லில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு ஜூலை முதல் நாளுக்குள் வளர்ந்துவிடுகிறது என்பது அந்நிலையத்தார் நெடுங்கால அளவைகளிலிருந்து கண்ட உண்மை. அதற்குப் பின் பெய்யும் மழை மனத்தைக் குளிர்விக்குமே தவிர, புல்லைப் பெரிதும் கூட்டாது. ஆகவே ஜூன் மாதத்திலேயே, நிற்கும் புல் எத்தனை மாட்டுக்கு எத்தனை நாள் வரும் என்று கணக்கிட்டு மந்தையைக் குறைத்துவிடலாம். முதலில் ஓராண்டுக் கன்றுகளையும், பின்னர்க் கிழப்பசுக்களையும் விற்பர். பாலூட்டும் பளுவைக் குறைக்கக் கன்றுகளை முன்கூட்டியே பிரிப்பதும் உண்டு.

கூறுவது எளிது, செய்வது கடினம். தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்த பசுக்களை விற்க மனம் வராது. மழை வருமென்று காத்திருந்தவர் ஒருபுறம் புல்லை அடியோடு இழக்கிறார். மறுபுறம் உச்ச விலைக்கு உலர்புல் வாங்குகிறார். இறுதியில் எல்லோரும் விற்கும் நேரத்தில், விழுந்த விலைக்கே மாட்டை விற்கிறார். 2021இல் மான்டானாவைத் தாக்கிய கடும் வறட்சியில் பலர் இந்நிலைக்கு ஆளாயினர். 2025 ஜனவரிக் கணக்கின்படி அமெரிக்க நாடு முழுவதிலும் இருந்த மாடுகள் சுமார் 8 கோடி 67 லட்சம். 1951க்குப் பின் அதுவரை இவ்வளவு குறைந்ததில்லை. தொடர்ந்த வறட்சியே இதற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று.

தனியொருவரால் ஆகாதது

இதுகாறும் கூறியவை ஒரு பண்ணையார் தம் வேலிக்குள் செய்யக்கூடியவை. வேலியே இல்லாத பொதுநிலத்தில் என் செய்வது? குடியேறியோர் வெளியேறிய பின் கிழக்கு மான்டானா சதுரங்கப் பலகையாகக் கிடந்தது. ஒரு சதுர மைல் ரயில்வே நிறுவனத்தினுடையது. அடுத்தது மத்திய அரசாங்கத்தினுடையது. அதற்கடுத்தது ஊரைவிட்டுப் போன ஒருவருடையது. இடையே மாவட்டத்தின் நிலம். யாருடைய மாடும் எங்கும் மேய்ந்தது. மனச்சாட்சியுள்ள ஒருவர் தம் மந்தையைப் பாதியாகக் குறைத்தால் புல் தேறாது. அவர் விட்ட புல்லை அடுத்தவர் மந்தை தின்னும். நல்லவருக்கு நட்டமும் மற்றவருக்கு ஆதாயமும் விளையும் ஏற்பாட்டில் நல்லவராக நீடிப்பார் எத்தனை பேர்?

மைல்ஸ் சிட்டிக்குத் தெற்கே, மிஸ்பா ஓடைக்கும் பம்ப்கின் ஓடைக்கும் இடைப்பட்ட நிலத்தில் மாடு மேய்த்தோர் இதற்கு ஒரு வழி கண்டனர். அவர்கள் ஒரு சங்கமாகக் கூடி, சிதறிக் கிடந்த நிலங்கள் அனைத்தையும் ஒன்றாகக் குத்தகைக்கு எடுக்க விரும்பினர். அரசாங்க நிலத்தை அவ்வாறு குத்தகைக்கு விட அன்று சட்டத்தில் இடமில்லை. ஆகவே மான்டானாப் பிரதிநிதி ஸ்காட் லெவிட் கொண்டுவந்த தனிச்சட்டம் 1928 மார்ச்சில் நிறைவேறியது. ரயில்வே, அரசாங்கம், தனியார் ஆகியோரின் நிலங்கள் சேர்ந்து ஒரு லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பு பத்தாண்டுக் குத்தகையில் சங்கத்தின் பொறுப்பில் வந்தது.

சங்கம் சுற்றெல்லைக்கு வேலியிட்டது, நீர்நிலைகள் அமைத்தது, மந்தைக்கு வரம்பு வகுத்தது. சில ஆண்டுகளில் புல் கண்கூடாகத் தேறியது. இவ்வெற்றி நாட்டின் கவனத்தை ஈர்த்தது; அரசாங்கப் பொதுநிலங்களில் மேய்ச்சலை ஒழுங்குபடுத்திய 1934ஆம் ஆண்டின் டெய்லர் மேய்ச்சல் சட்டத்திற்கு முன்மாதிரிகளுள் ஒன்றாகவும் நின்றது. 1939இல் மான்டானா மாநிலம் புல் பாதுகாப்புச் சட்டம் இயற்றி, கூட்டுறவு மேய்ச்சல் வட்டாரங்களுக்கு நிலையான உரு அளித்தது. அவற்றுள் பல இன்றும் நடைபெற்று வருகின்றன.

இவ்வட்டாரங்களின் நடைமுறை நமக்குப் புதியதன்று. அங்கத்தினர் கூடி நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கின்றனர். குளிர்காலத்தில் தம் மாடுகளைத் தாங்கும் சொந்த நிலமோ தீவனமோ உடையவர்க்கே பொதுநில மேய்ச்சலில் முன்னுரிமை. ஒவ்வொருவருக்கும் இத்தனை மாடு, இத்தனை மாதம் என்று அனுமதி உண்டு. அதற்கேற்பக் கட்டணம் உண்டு. வறட்சியில் வெட்டு வந்தால் எல்லோர் பங்கிலும் வரும். அனுமதிக்கு மிஞ்சி மேய்த்தால் அபராதம் உண்டு. தாம் விட்ட புல் தமக்கே மீளும் என்ற உறுதி அங்கத்தினருக்கு ஏற்பட்டது. அவ்வுறுதி ஏற்பட்டபின் ‘பாதி விடு’ என்பது அறிவுரையாக இருந்த நிலை மாறி, ஆதாயக் கணக்காக ஆயிற்று.

பொது மேய்ச்சல் நிலம் அழிந்தே தீரும் என்னும் கருத்தை 1968இல் காரெட் ஹார்டின் என்னும் அறிஞர் எழுதிய கட்டுரை பரப்பியது. எலினார் ஆஸ்ட்ரம் அம்மையார் பல நாடுகளின் மேய்ச்சல் நிலங்களையும் பாசன ஏற்பாடுகளையும் காடுகளையும் ஆராய்ந்து, அது விதியன்று என்று 1990இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். எல்லை தெளிவாக இருத்தல், விதிகள் அவ்விடத்திற்குப் பொருந்துதல், பயன்படுத்துவோரே விதி வகுப்பதில் பங்கு பெறுதல், கண்காணிப்பு நடத்தல், தவற்றுக்குப் படிப்படியான தண்டனை இருத்தல் ஆகியவை அமைந்த இடங்களில் பொதுச்சொத்து நெடுங்காலம் நின்றதை அவர் காட்டினார். அவ்வாராய்ச்சிக்காக 2009இல் பொருளியலுக்கான நோபெல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. அப்பரிசைப் பெற்ற முதல் பெண்மணி அவரே.

விற்பனையிலும் கூட்டுறவு

புல்லைக் காத்தவர் அதற்குரிய விலையைப் பெறுகிறாரா என்பது அடுத்த கேள்வி. அமெரிக்காவில் கொழுத்த மாடுகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவற்றை வாங்கி அறுப்பவை நான்கே பெருநிறுவனங்கள். அவர்கள் சொன்னதே விலை. விலை விழுந்த ஆண்டில், வங்கிக் கடனைக் கட்ட இன்னும் பத்து மாடு கூட்டுவோம் என்ற எண்ணம் எவருக்கும் எழும். அந்தப் பத்து மாடே புல்லின் முதலை உண்ணத் தொடங்கும். நியாய விலை இல்லாத இடத்தில் நிலப் பாதுகாப்பும் நிலைக்காது.

மான்டானாவுக்குத் தென்மேற்கே உள்ள ஆரிகன் மாநிலத்தில் இதற்கு ஒரு முயற்சி நடந்தது. 1986இல் டாக் ஹாட்ஃபீல்ட், கானி ஹாட்ஃபீல்ட் தம்பதியர் முன்னின்று, பதினான்கு பண்ணைக் குடும்பங்களைக் கூட்டி ஒரு விற்பனைக் கூட்டுறவு அமைத்தனர். கன்றைத் தரகரிடம் விற்றுவிட்டு ஒதுங்காமல், இறைச்சி கடைக்குச் செல்லும் வரை மாட்டின் உடைமையைத் தம்மிடமே வைத்துக்கொள்வது அவர்கள் கொள்கை. உற்பத்திச் செலவையும் நியாயமான ஆதாயத்தையும் கணக்கிட்டு விலை கேட்டனர். நிலத்தைப் பேணுதல் அங்கத்தினர்க்கு விதிக்கப்பட்ட கடமைகளுள் ஒன்று. குடும்பத்தினர் கடைகளுக்கே சென்று வாங்குவோரைச் சந்திப்பதும் கடமையாக்கப்பட்டது. தறியில் இருப்பவர் துணி வாங்குவோரின் முகத்தைக் காண்பது எத்துணைப் பயனுடையது என்பதை அறிந்த நமக்கு இதன் சிறப்பை விளக்க வேண்டியதில்லை.

குறைகளையும் கூறுதல் முறை

இம்முறையைக் குறையற்றது என்று கூறுவதற்கில்லை. மாடு அசைபோடும்போது வெளிவிடும் மீத்தேன் வாயு, நூறாண்டுக் கணக்கில், கரியமில வாயுவைப்போல் 27 மடங்குக்கு மேல் புவியை வெப்பமாக்க வல்லது. நன்கு பேணிய புல்வெளி தன் மண்ணில் பெருமளவு கரியைத் தேக்கி வைத்திருக்கிறது என்பதும், அதனை உழுதால் அக்கரி வெளியேறும் என்பதும் உண்மையே. எனினும் நல்ல மேய்ச்சலால் மண்ணில் புதிதாகச் சேரும் கரி, மாடு வெளிவிடும் வாயு முழுவதையும் ஈடுசெய்யும் என்று கொள்வதற்குச் சான்று போதாது. ஏருக்கு ஆகாத நிலத்தில் அளவோடு மாடு மேய்ப்பது வேறு. காட்டை அழித்து மேய்ச்சல் நிலமாக்குவது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுதல் ஆகாது.

மற்றொரு கவலை பண்ணையில் இருக்கவேண்டிய அடுத்த தலைமுறையைப் பற்றியது. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அமெரிக்க விவசாயிகளின் சராசரி வயது 58ஐத் தாண்டிவிட்டது. நிலத்தின் விலை, அதில் மேயும் மாடு ஈட்டித் தரும் வருவாயை மிஞ்சி ஏறியிருப்பதால், இளைஞர் புதிதாக நிலம் வாங்கி இத்தொழிலில் இறங்குவது அரிதாகிவிட்டது. உடன்பிறந்தாரிடையே பாகம் பிரிக்க நேரும்போது பண்ணையே விற்கப்படுவதும் உண்டு.

முடிவுரை

நிலத்தில் வரம்பு ஒன்று உண்டு. அதனை மழையும் மண்ணும் வகுக்கின்றன. சட்டமும் கடனும் அதனை நீட்டிவிட முடியாது. 1887இல் மந்தைக்காரர்கள் இதனைப் பெரும் விலை கொடுத்து அறிந்தனர். 1917க்குப் பின் உழவர்களும் அவ்வாறே அறிந்தனர். அவ்வரம்பை அறிந்துகொள்வது ஒரு குடும்பத்தால் இயலும். ஆனால் அதன்படி நடப்பது, அயலாரும் உடன் நடந்தாலன்றி நிலைக்காது. மிஸ்பா ஓடைக்கரையில் கூடியவர் கண்ட உண்மை இதுவே.

நம் சங்கங்களிலும் பொதுவாக ஒரு முதல் உண்டு. பங்குத் தொகை, சேமநிதி, பொதுக்கிணற்றின் நீர், சங்க முத்திரைக்கு வாங்குவோர் அளிக்கும் நம்பிக்கை ஆகிய யாவும் அவ்வகையினவே. தவணை தவறுபவரும், முத்திரைக்குக் கீழ் மட்டமான சரக்கை நுழைப்பவரும் அயலார் விட்டுவைத்த புல்லை மேய்பவர்களே. அங்கத்தினர் மகாசபைக்குத் தவறாமல் வந்து, கணக்கைக் கேட்டு, விதியைத் தாமே வகுத்து, வகுத்த விதி தம்மீதும் பாயும் என்பதை ஏற்று நடப்பாராயின், பாதி எடுத்துப் பாதி விட்ட புல்வெளிபோல் நம் சங்கமும் அடுத்த பருவத்தில் தழைத்து நிற்கும்.